ஒப்பிட்டுச் சொல்லுதல்: தமிழும் ஸ்பானிய மொழியும்



இன்றைய மொழிப் பேச்சுக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஒப்பீடு. ஒன்றைவிட மற்றொன்று பெரிது, சிறிது, நல்லது, மலிவானது என்று சொல்லாமல் நமக்கு ஒரு நாளும் கழிவதில்லை. ஈரச்சந்தையில் மீன் வாங்கும்போது சொல்கிறோம். பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பார்க்கும்போதும் சொல்கிறோம். இந்த ஒப்பீட்டை ஸ்பானிய மொழி எவ்வாறு சொல்கிறது, நம் தமிழ் எவ்வாறு சொல்கிறது என்று இன்று பார்ப்போம்.

“ஸ்பானிய மொழி நமக்கு எதற்கு?” என்று நேயர்கள் சிலர் கேட்கலாம். சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மூன்றாம் மொழியாகக் கற்கக்கூடிய மொழிகளுள் ஸ்பானிய மொழியும் ஒன்று. அதைக் கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தின் வழியாகத்தான் அதனை அணுகுகிறார்கள். ஆனால் ஒப்பீடு என்னும் இந்தப் பகுதியில், ஆங்கிலத்தைவிடத் தமிழே அவர்களுக்குப் பல இடங்களில் நல்ல வழிகாட்டி. தமிழ் இலக்கணத்தை அறிந்த பிள்ளைக்குப் பிறமொழி இலக்கணம் எளிதாகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

முதலில் ஒப்பீட்டின் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். நம் வட்டாரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். ‘புக்கிட்’ என்ற மலாய்ச் சொல்லுக்குக் குன்று என்பது பொருள். புக்கிட் பாத்தோக் ஒரு குன்று. புக்கிட் தீமா மற்றொரு குன்று. ஏறத்தாழ 164 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமாதான் சிங்கப்பூரின் மிக உயர்ந்த இயற்கைக் குன்று. ஆகவே, ‘புக்கிட் தீமா புக்கிட் பாத்தோக்கைவிட உயரமானது’ என்று சொல்கிறோம்.

இந்த வாக்கியத்தில் மூன்று உறுப்புகள் உள்ளன. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பொருள் ஒன்று. அது புக்கிட் தீமா. எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்த அளவுகோல் ஒன்று. அது புக்கிட் பாத்தோக். எந்தப் பண்பில் ஒப்பிடுகிறோமோ அந்தப் பண்பு ஒன்று, அது உயரம். பொருள், அளவுகோல், பண்பு என்ற இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மொழியானாலும் ஒப்பீட்டுக்கு இம்மூன்றும் வேண்டும். ஒப்பீடு நடக்கிறது என்பதைக் காட்டும் அடையாளத்தை இந்த மூன்றில் எதன்மேல் வைப்பது என்பதில்தான் மொழிக்கு மொழி வேறுபாடு.

தமிழ் அந்த அடையாளத்தை அளவுகோலின்மேல் வைக்கிறது. ‘உயரமானது’ என்ற சொல்லைப் பாருங்கள். ஒப்பிட்டாலும் அது ‘உயரமானது’தான்; ஒப்பிடாவிட்டாலும் அது ‘உயரமானது’தான். அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது ‘புக்கிட் பாத்தோக்’ என்ற பெயர். அது ஐ உருபை ஏற்று, ‘விட’ என்ற சொல்லையும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டது.

‘விட’ என்பது ‘விடு’ என்ற வினையிலிருந்து வந்தது. அதை விட்டுவிட்டுப் பார்த்தால் இது பெரிது என்பது அதன் அடிப்படைப் பொருள். இதே வேலையைச் செய்யும் ‘காட்டிலும்’ என்ற சொல் ‘காட்டு’ என்பதிலிருந்தும், ‘பார்க்கிலும்’ என்ற சொல் ‘பார்’ என்பதிலிருந்தும் பிறந்தவை. அதைக் காட்டினாலும் இது பெரிது, அதைப் பார்த்தாலும் இது பெரிது என்பது கருத்து. இரண்டு பொருள்களை எதிரில் வைத்துக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுபோல நம் முன்னோர் இச்சொற்களை அமைத்திருக்கிறார்கள்.

இச்சொற்கள் வழக்கில் பெருகுவதற்கு முன்பே தமிழுக்கு வேறொரு முறை இருந்தது. அது ஐந்தாம் வேற்றுமை. தொல்காப்பியம் ‘இன்’ என்ற உருபுக்குச் சொல்லும் பொருளே, இந்தப் பொருளைவிட இது இத்தன்மையது என்பதுதான். நிறம், வடிவம், அளவு, சுவை, குளிர்ச்சி, வெப்பம், நன்மை, தீமை, சிறுமை, பெருமை, முதுமை, இளமை என்று எவ்வெவற்றில் ஒப்பிடலாம் என்பதற்கு அந்நூல் ஒரு நீண்ட பட்டியலே தருகிறது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல், ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களாக நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது ஆகிய நான்கையும் கூறுகிறது. இரண்டும் சமம் என்று காட்டும் ஒப்பை உவமப் பொருள் என்றும், ஒன்று மிகுந்தது என்று காட்டும் ஒப்பை உறழ்பொருள் என்றும் இலக்கண ஆசிரியர்கள் பிரித்துச் சொன்னார்கள்.

கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலிலும் இந்தச் செய்தி வருகிறது. ஐரோப்பிய மொழிகளில் இருப்பதுபோல் பண்புச் சொல்லோடு ஒட்டும் ஒப்பீட்டு விகுதிகள் திராவிட மொழிகளில் இல்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். ‘அவற்றில் இது நல்லது’ என்று சொன்னாலே நமக்குப் போதுமானது. இதைக் கேட்டுத் தமிழுக்கு ஏதோ குறை இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. சீன மொழியும் இப்படித்தான் செய்கிறது. மாண்டரின் மொழியில் அளவுகோலுக்கு முன்னால் ‘பி’ என்ற சொல்லை வைத்துவிட்டு, உயரத்தைக் குறிக்கும் ‘காவ்’ என்ற சொல்லை மாற்றாமல் அப்படியே சொல்கிறார்கள். இந்தியிலும் அளவுகோலோடு ‘ஸே’ என்பது சேருகிறது. பண்புச் சொல் மாறுவதில்லை. உலகில் மிகப் பல மொழிகளின் வழக்கம் இது.

மலாய் மொழியின் வழி வேறு. ‘லெபே திங்கி டாரிபாடா’ என்பார்கள். ‘திங்கி’ என்றால் உயரம். ‘லெபே’ என்றால் அதிகம். ‘டாரிபாடா’ என்பது அளவுகோலைக் காட்டும் சொல். பண்பின்மேல் ஓர் அடையாளம், அளவுகோலின்மேல் ஓர் அடையாளம் என இரண்டு அடையாளங்கள். இந்த மலாய் முறையை மனத்தில் கொண்டால் ஸ்பானிய மொழியின் முறை உடனே விளங்கிவிடும்.

ஸ்பானிய மொழி ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜெண்டினா, பெரு உள்ளிட்ட 20 நாடுகளின் ஆட்சிமொழி. நம் அண்டை நாடான பிலிப்பீன்ஸ் 1565 முதல் 1898 வரை ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அதன் அடையாளம் இன்றும் பிலிப்பீன்ஸ் மக்களின் பேச்சில் இருக்கிறது. பெரியது என்பதற்குத் தகாலோக் மொழியில் ‘மலாக்கி’ என்று பெயர். அதைவிடப் பெரியது என்று சொல்ல ‘மாஸ் மலாக்கி’ என்பார்கள். இந்த ‘மாஸ்’ ஸ்பானிய மொழியிலிருந்து சென்ற சொல். அதிகம் என்பது அதன் பொருள். நம் ஊரில் பிலிப்பீன்ஸ் நாட்டவர் பேசுவதைக் கவனித்துக் கேட்டால் இச்சொல் உங்கள் காதிலும் விழும்.

இந்த ‘மாஸ்’தான் ஸ்பானிய ஒப்பீட்டின் தலைவாசல். ‘ஹுவான் எஸ் மாஸ் ஆல்த்தோ கே பேத்ரோ’ என்றால், ஹுவான் பேத்ரோவைவிட உயரமானவன் என்று பொருள். ‘ஆல்த்தோ’ என்பது உயரம். அதற்கு முன் ‘மாஸ்’; அளவுகோலுக்கு முன் ‘கே’. ‘லெபே, டாரிபாடா’ என்ற மலாய் இணையைப் போலவே இங்கே ‘மாஸ், கே’ என்ற இணை. குறைவு என்று சொல்ல ‘மாஸ்’ இருக்கும் இடத்தில் ‘மேனோஸ்’ வரும்.

இங்கே இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ‘மாஸ்’ மாறாது. ஆனால் பண்புச் சொல் பாலுக்கு ஏற்ப மாறும். ஆண் என்றால் ‘ஆல்த்தோ’, பெண் என்றால் ‘ஆல்த்தா’, பன்மை என்றால் ‘ஆல்த்தோஸ்’, ‘ஆல்த்தாஸ்’. ஆங்கிலத்தின் வழியாக வரும் மாணவருக்கு இது புதுமை. நமக்கு அப்படியன்று. உயரமானவன், உயரமானவள், உயரமானது என்று நாமும் மாற்றித்தானே சொல்கிறோம்? மற்றொன்று, நாம் ‘என்னைவிட’ என்று ஐ உருபு சேர்க்கும் இடத்தில் ஸ்பானியர் ‘கே யோ’ என்பார்கள். ‘யோ’ என்றால் ‘நான்’. அங்கே அளவுகோல் எழுவாய் வடிவத்திலேயே நிற்கிறது. நம் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது.

இனி, ஆங்கிலம் வழிகாட்டத் தவறித் தமிழ் வழிகாட்டும் இடங்களுக்கு வருவோம்.

முதலாவது, எண்ணோடு ஒப்பிடுவது. ‘அண்ணனைவிட அதிகம்’ என்பதற்கும் ‘பத்துக்கு மேல்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். தமிழில் ஆளோடு ஒப்பிட்டால் ‘விட’ என்கிறோம். எண்ணோ தொகையோ வந்தால் ‘மேல்’ என்பதே இயல்பாக வருகிறது. ‘பத்து வெள்ளிக்கு மேல் ஆகும்’ என்றுதானே கடைக்காரர் சொல்கிறார்? ஸ்பானிய மொழியிலும் இதே பிரிவு உண்டு. ஆளோடு ஒப்பிட்டால் ‘மாஸ் கே’. எண் வந்தால் ‘மாஸ் தே’. பத்து நூல்களுக்கு மேல் என்பது ‘மாஸ் தே தியேஸ் லிப்ரோஸ்’. எதிர்மறை வாக்கியத்தில் இந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். ‘நோ தெங்கோ மாஸ் தே தியேஸ்’ என்றால், என்னிடம் பத்துக்கு மேல் இல்லை என்று பொருள். ‘நோ தெங்கோ மாஸ் கே தியேஸ்’ என்றாலோ, என்னிடம் பத்துதான் இருக்கிறது என்று பொருள். நாம் ‘மேல்’ என்றும் ‘தான்’ என்றும் பிரிப்பதை அவர்கள் ‘தே’ என்றும் ‘கே’ என்றும் பிரிக்கிறார்கள்.

இரண்டாவது, ஒரு நினைப்போடு ஒப்பிடுவது. ‘நான் நினைத்ததைவிட அவன் உயரமானவன்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘நினைத்தேன்’ என்ற வினையை ‘நினைத்தது’ என்று பெயராக்கி, அதன்பின் ஐ உருபைச் சேர்க்கிறோம். அளவுகோல் பெயராக இருந்தால்தானே உருபை ஏற்கும்? ஸ்பானியரும் இதையே செய்கிறார்கள். ‘மாஸ் ஆல்த்தோ தே லோ கே பென்சாபா’ என்பார்கள். ‘பென்சாபா’ என்பது நினைத்தேன். அதற்கு முன் வரும் ‘லோ கே’ என்பது அதை ‘நினைத்தது’ என்று ஆக்குகிறது. ‘லோ கே’ எதற்காக வருகிறது என்று ஆங்கில வழியில் கற்பவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ‘நினைத்ததைவிட’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது ஏற்கெனவே கைவந்த பாடம்.

மூன்றாவது, சமமாகச் சொல்வது. புக்கிட் பாத்தோக், புக்கிட் கோம்பாக் ஆகிய இரண்டு பெருவிரைவு ரயில் நிலையங்களும் 1990-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் திறக்கப்பட்டவை. ஒன்று எவ்வளவு பழையதோ மற்றதும் அவ்வளவு பழையது. இந்தச் சமநிலையை ஸ்பானிய மொழி ‘தான் ... கோமோ’ என்ற இணையால் சொல்கிறது. இந்த ‘தான்’ நம்முடைய ‘தான்’ அன்று. ‘அவ்வளவு’ என்பது இதன் பொருள். பண்புச் சொல்லுக்கு முன் ‘தான்’ என நிற்பது, பெயருக்கு முன் ‘தாந்தோ’ என்று நீண்டு, பாலும் எண்ணும் காட்டி மாறும். தண்ணீர் என்றால் ‘தாந்தா’. நூல்கள் என்றால் ‘தாந்தோஸ்’. நாமும் ‘அவ்வளவு தண்ணீர்’ என்றும் ‘அத்தனை நூல்கள்’ என்றும் அளப்பதையும் எண்ணுவதையும் பிரித்துச் சொல்கிறோம் அல்லவா?

நான்காவது, வடிவமே மாறும் சொற்கள். நல்லது என்பது ‘புவேனோ’. அதைவிட நல்லது என்பது ‘மெஹோர்’. கெட்டது என்பது ‘மாலோ’. அதைவிடக் கெட்டது என்பது ‘பெயோர்’. இவற்றோடு ‘மாஸ்’ சேராது. வயதில் பெரியவருக்கு ‘மயோர்’, இளையவருக்கு ‘மெனோர்’. உடன்பிறந்தவன் என்பதற்கு அவர்களிடம் ‘எர்மானோ’ என்ற ஒரே சொல்தான். ஆகவே அண்ணனை ‘எர்மானோ மயோர்’ என்றும், தம்பியை ‘எர்மானோ மெனோர்’ என்றும் பிரிக்க வேண்டியிருக்கிறது. தமிழிலோ அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்ற பெயர்களுக்குள்ளேயே ஒப்பீடு அடங்கிவிட்டது. பெரியப்பா, சித்தப்பா என்னும்போது தந்தையோடு ஒப்பிட்ட வயதும் அச்சொல்லிலேயே தெரிகிறது.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் மிகுந்தது என்று சொல்வது. ‘சிங்கப்பூரிலேயே உயரமான குன்று’ என்று நாம் ‘இல்’ உருபோடு ஏகாரம் சேர்த்துச் சொல்கிறோம். ஸ்பானியர் ‘லா கொலீனா மாஸ் ஆல்த்தா தே சிங்கப்பூர்’ என்பார்கள். முன்னால் ‘லா’ என்ற சுட்டு வந்து, ஊர்ப் பெயருக்கு முன் ‘தே’ வரும்போது, ‘மாஸ்’ என்ற அதே சொல் ‘மிக’ என்னும் பொருளைப் பெறுகிறது. யாரோடும் ஒப்பிடாமல் வியந்து சொல்ல வேண்டுமானால் ‘ஆல்த்தீசிமோ’ என்று விகுதி சேர்ப்பார்கள். நாம் பென்னம்பெரிய, சின்னஞ்சிறிய என்று சொல்லை அடுக்கிச் சொல்லும் இடம் அது.

நேயர்களே, இதுவரை இலக்கணம் பேசினோம். இனி இதனால் நமக்கு ஆவது என்ன என்று பார்ப்போம்.

1965-இல் சிங்கப்பூர் தனிக் குடியரசானபோது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் சட்டப்படி ஆட்சிமொழிகளாயின. ஆயினும் வீட்டில் தமிழ் பேசுவோர் குறைந்து வருகிறார்கள். 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு. 2020-இல் அது 2.5 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிடக் குறைவு.

இந்தக் குறைவு வகுப்பறையில் எப்படித் தெரிகிறது? ‘என் அண்ணன் அதிகம் உயரம்’ என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. ஆங்கிலத்தில் நினைத்து, பண்பின்மேல் வைக்கும் அடையாளத்தை மட்டும் தமிழுக்குக் கொண்டுவந்த வாக்கியம் அது. யாரைவிட உயரம் என்பது வாக்கியத்தில் இல்லை. சிவப்பு மையால் அடித்துத் திருத்துவதோடு நிறுத்திவிட்டால், ஏன் தவறு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும். அளவுகோல் எங்கே என்று கேட்க வேண்டும். ‘என் அண்ணன் என்னைவிட உயரமானவன்’ என்ற விடையைப் பிள்ளையே சொல்லும்.

நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்று உண்டு. நம் இளைஞர்கள் ‘இது அதவிட பெட்டர்’ என்று பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கலப்புச் சொல் என்று நாம் முகம் சுளிக்கிறோம். சற்றுக் கூர்ந்து கேளுங்கள். பண்புச் சொல்லை ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட அந்த நாக்கு, ‘விட’ என்ற சொல்லைக் கைவிடவில்லை. தகாலோக் மொழி ஒப்பீட்டு அடையாளத்தையே ஸ்பானிய மொழியிலிருந்து வாங்கிக்கொண்டது. நம் பிள்ளைகளின் பேச்சில் சதை மாறியிருந்தாலும் எலும்பு தமிழாகவே இருக்கிறது. எலும்பு இருக்கும்வரை ‘பெட்டர்’ இருந்த இடத்தில் ‘நல்லது’ என்பதை வைப்பது கடினமான வேலையன்று. அந்த ‘விட’வும் போய்விட்டால்தான் வேலை கடினம்.

ஆகவே பெற்றோர்கள் வீட்டில் ஒரு சிறு பயிற்சி செய்யலாம். உணவங்காடிக்குப் போகும்போதோ ரயிலுக்குக் காத்திருக்கும்போதோ கண்ணில் படும் இரண்டு பொருள்களைக் காட்டி, ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு முறை ‘விட’ வைத்து, ஒரு முறை ‘காட்டிலும்’ வைத்து, ஒரு முறை ‘அளவுக்கு இல்லை’ என்று முடித்துச் சொல்லட்டும். எழுதும்போது ‘அதைவிடப் பெரியது’, ‘அதைவிடச் சிறியது’ என்று வல்லினம் மிகுவதையும் கவனிக்கட்டும். பிள்ளை வேறு மொழி கற்பதாயின், அதே வாக்கியத்தை அந்த மொழியில் சொல்லச் சொல்லி, பொருள் எது, அளவுகோல் எது, பண்பு எது என்று கேளுங்கள்.

இந்தப் பழக்கத்தில் மற்றொரு பயனும் இருக்கிறது. ‘மேலும் சிறந்தது’, ‘மேலும் மலிவானது’ என்று விளம்பரங்களைப் பார்க்கிறோம். எதைவிடச் சிறந்தது, எதைவிட மலிவு என்பது அவற்றில் இருப்பதில்லை. அளவுகோலைத் தேடப் பழகிய பிள்ளை அந்தக் கேள்வியைத் தானாகவே கேட்கும். ‘நீ போதாது’ என்று பிறர் அந்தப் பிள்ளையிடம் சொல்லும்போதும், யாரோடு ஒப்பிட்டு, எந்தப் பண்பில் என்று அமைதியாகக் கேட்டுப் பார்க்கும். பொருள், அளவுகோல், பண்பு என்ற மூன்றும் தெளிவாக இல்லாத ஒப்பீட்டை எந்த மொழியில் சொன்னாலும் அது ஒப்பீடாகாது.

அடுத்த பேச்சில் சமநிலையைக் குறிக்கும் ‘போல’ என்ற சொல்லையும் அதன் உறவினர்களையும் பற்றிப் பார்ப்போம். அதற்குள் இன்றைய பயிற்சியைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள்.